புகார் வராத வீடுகள்

இங்கிலாந்தில் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் நாயை வீட்டில் வைத்துப் பராமரிப்பதைத் தொழிலாகச் செய்பவர், உள்ளூர் கவுன்சிலிடம் உரிமம் பெற வேண்டும். ஆய்வாளர் வந்து இடத்தைப் பார்ப்பார். நாய் படுக்கும் இடத்துக்குக் காற்றோட்டம் உண்டா என்று கேட்பார். அதே வீட்டைக் கைக்குழந்தையோடு வரும் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதற்கு, நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் உரிமம் எதுவும் தேவையில்லை. யாரும் வந்து பார்க்கப்போவதும் இல்லை. விலங்குகளுக்காக விதி எழுதியது நல்ல காரியம்தான். மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள் என்று வரும்போது அந்த அக்கறை ஏன் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குடும்பம் தனியார் வாடகை வீட்டில் வாழ்கிறது. எண்ணிக்கையில் சொன்னால், 45 லட்சம் குடும்பங்களுக்கு மேல். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. 1980இல் வந்த சட்டத்தின்படி கவுன்சில் வீடுகள் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. விற்ற அளவுக்குப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. 1990களின் நடுவிலிருந்து, வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்குபவர்களுக்குத் தனிக் கடன் கிடைத்தது. வீட்டு விலையோ சம்பளத்தைப் பல மடங்கு தாண்டிப் போனது. முன்பு கவுன்சில் வீட்டில் இருந்திருக்கக்கூடிய ஏழைக் குடும்பங்கள், புதிதாக நாட்டுக்குள் வந்தவர்கள், மாணவர்கள் என எல்லோரும் இன்று தனியார் வீட்டுக்காரர்களை நம்பித்தான் இருக்கிறார்கள்.

இவர்களைக் காக்கும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, குடியிருப்பவர் புகார் கொடுத்தால்தான் அசையும். புகார் கொடுக்க முடியாதவர் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சட்டங்கள் போய்ச் சேருவதில்லை. கூப்பிடாமலேயே கவுன்சில் கதவைத் தட்ட வழிசெய்யும் ஏற்பாடு ஒன்று உண்டென்றால், அது உரிமத் திட்டம்தான். அதை விரிவாக்க வேண்டும். அதே வேளையில், கட்டணம் வசூலிக்கும் காகித வேலையாக அது சுருங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வகை உரிமம்

2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம்தான் இங்கிலாந்தில் இதற்கெல்லாம் அடித்தளம். அது மூன்று வகை உரிமங்களுக்கு வழிசெய்கிறது. ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொண்டு வாழும் வீட்டுக்கு நாடு முழுவதும் கட்டாய உரிமம் வேண்டும். தொடக்கத்தில் மூன்று மாடி வீடுகளுக்கு மட்டும் என்றிருந்த அந்த விதி, 2018 அக்டோபரிலிருந்து மாடி எண்ணிக்கை எதுவானாலும் பொருந்துகிறது. இரண்டாவது, அதைவிடச் சிறிய பகிர்வு வீடுகளுக்குக் கவுன்சில் விரும்பினால் கொண்டுவரும் கூடுதல் உரிமம். மூன்றாவது, பகுதிவாரி உரிமம்; அதாவது, ஒரு குறிப்பிட்ட பகுதியிலுள்ள தனியார் வாடகை வீடுகள் அனைத்துக்கும், ஒரே குடும்பம் வாழும் வீடானாலும், உரிமம் கட்டாயம் என்று அறிவிப்பது. வாதமும் வழக்கும் சூழ்ந்திருப்பது இந்த மூன்றாவது வகையைத்தான்.

நினைத்த இடத்தில் நினைத்தபடி கவுன்சில் இதை அறிவித்துவிட முடியாது. அந்தப் பகுதியில் வீடுகள் மோசமான நிலையில் இருக்க வேண்டும். அல்லது சமூக விரோதச் செயல்கள், குற்றங்கள், வறுமை, பெருமளவு இடப்பெயர்வு போன்ற காரணங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். குறைந்தது பத்து வாரம் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். திட்டத்துக்கு ஐந்தாண்டுதான் ஆயுள். உரிமம் பெறுபவர் தகுதியானவர்தானா என்று பார்க்க வேண்டும்; மோசடி, வன்முறை போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவரா, வீட்டுவசதிச் சட்டத்தை மீறியவரா என்பதெல்லாம் கணக்கில் வரும். ஆண்டுதோறும் எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழ், ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி, எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தம் ஆகியவை கட்டாய நிபந்தனைகள்.

நியூஹாம் காட்டிய வழி

2013 ஜனவரி 1ஆம் தேதி, கிழக்கு லண்டனின் நியூஹாம் கவுன்சில் கிட்டத்தட்டத் தன் எல்லை முழுவதற்கும் இந்த உரிமத்தைக் கட்டாயமாக்கியது. நாட்டிலேயே முதன்முறையாக இவ்வளவு பெரிய பரப்பில். அங்கே மூன்றில் ஒரு குடும்பத்துக்கு மேல் தனியார் வாடகை வீட்டில் இருந்தது. தோட்டத்து ஷெட்டுகளில்கூட ஆட்களைக் குடிவைத்து வாடகை வாங்கினார்கள்.

தமிழர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தியல்ல. லண்டன் முருகன் கோயிலும் மகாலட்சுமி கோயிலும் இருக்கும் ஈஸ்ட் ஹாம் பகுதி நியூஹாமில்தான் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தொடங்கி, இன்று சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் முதுகலை படிக்க வரும் மாணவர்கள் வரை பலருக்கு லண்டனில் முதல் அறை அங்கேதான் கிடைக்கிறது. வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களிலும் தமிழர்கள் உண்டு.

திட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே நியூஹாம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தொடர்ந்தது. மிக மோசமான வீட்டுக்காரர்கள் 28 பேர் அங்கே வாடகைத் தொழிலே செய்ய முடியாதபடி தடுக்கப்பட்டார்கள். லண்டனிலுள்ள மற்ற கவுன்சில்கள் பல, ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வழக்குகளைப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. நியூஹாமில் மட்டும் திடீரென்று மோசமான வீடுகள் முளைத்துவிடவில்லை. எந்த வீடு வாடகைக்கு விடப்படுகிறது, அதற்குப் பொறுப்பாளி யார் என்பது முதன்முறையாகக் கவுன்சிலுக்குத் தெரிய வந்தது. உரிமம் பெற்றவர் பட்டியலில் இல்லாமல் ஒளிந்திருப்பதே குற்றம் என்றானதால், மோசமான வீடுகளைத் தேடிப் பிடிப்பதும் எளிதானது.

ஏன் புகார் வருவதில்லை?

'குறை இருந்தால் கவுன்சிலுக்குப் போன் செய்யலாமே' என்று கேட்பவர்கள், வாடகைக்கு இருப்பவரின் நிலையை யோசிப்பதில்லை. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எந்தக் காரணமும் சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் குடியிருப்பவரை வெளியேற்றும் அதிகாரத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்தது. சுவரில் பூஞ்சை படர்கிறது என்று புகார் கொடுத்தவருக்கு அடுத்த மாதமே நோட்டீஸ் வரலாம் என்ற பயம் ஒரு தலைமுறையின் வாயைக் கட்டிப்போட்டது. பிள்ளைகளை அதே பள்ளியில் தொடர்ந்து படிக்க வைக்க வேண்டும் என்பதற்காக, ஒழுகும் கூரையின் கீழ் வாய் திறக்காமல் இருந்துகொள்ளும் தாய்மார்கள் எத்தனையோ பேர்.

புதிதாக வந்த மாணவருக்கு இன்னொரு சிக்கல். தெரிந்தவர் மூலமாக அறை கிடைத்திருக்கும். ஒப்பந்தம் கையில் இருக்காது; வாடகையை ரொக்கமாகக் கொடுத்திருப்பார். யாரிடம் வாடகை கொடுக்கிறாரோ அவர் உண்மையான வீட்டுக்காரராக இல்லாமலும் இருக்கலாம். முழு வீட்டையும் ஒருவர் வாடகைக்கு எடுத்து, அறை அறையாக, சில சமயம் கட்டில் கட்டிலாகப் பிரித்து உள்வாடகைக்கு விடுவது லண்டனில் தனித்தொழிலாகவே நடக்கிறது. 'அண்ணா, ஹீட்டர் வேலை செய்யவில்லை' என்று தயக்கத்தோடு சொல்ல மட்டுமே அந்த மாணவருக்குத் தெரியும். அந்த அண்ணன்மேல் கவுன்சிலில் புகார் கொடுக்க மனம் வருமா? மனம் வந்தாலும் அடுத்த அறைக்கு எங்கே போவார்?

உரிமத் திட்டத்தின் பெருமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. குடியிருப்பவர் துணிச்சல் காட்ட வேண்டிய தேவையையே அது நீக்கிவிடுகிறது. முறையாக ஆய்வு செய்யும் அதிகாரி என்ன பார்ப்பார் என்று எண்ணிப்பாருங்கள். பகிர்வு வீடானால் முதலில் டேப்பை எடுத்து அறையை அளப்பார். பெரியவர் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. இருவர் என்றால் 10.22. பரண் அறையில் சாய்ந்த கூரை ஒன்றரை மீட்டருக்குக் கீழே இறங்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார். ஆள் நிமிர முடியாத இடத்தை அறை என்று வாடகை வாங்க முடியாது. புகைக் கருவியின் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார். படுக்கையறைக் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிகிறதா என்று திருப்பிப் பார்ப்பார். நள்ளிரவில் தீப்பிடித்தால் சாவியைத் தேட நேரம் இருக்காது. அலமாரியை நகர்த்திச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். இவற்றில் எதைப் பற்றியும் குடியிருப்பவர் வாய் திறந்திருக்க வேண்டியதில்லை.

உரிமம் இருந்தும் நடந்த சாவு

உரிமம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2023 மார்ச் 5ஆம் தேதி அதிகாலையில், லண்டன் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் உள்ள ஷாட்வெல்லில், இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்குமாடி வீட்டில் மின்சைக்கிளின் லித்தியம் பேட்டரி தீப்பற்றியது. வங்கதேசத்திலிருந்து பிழைப்புக்காக வந்திருந்த 41 வயது மனிதர் ஒருவர் உயிரிழந்தார். அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் பதினெட்டுப் பேருக்குக் குறையாது. வீட்டுக்கு உரிமம் இருந்தது. மூன்று பேர் தங்குவதற்கான உரிமம். வீட்டு உரிமையாளர்கள் மேல் வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது, குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

கவுன்சிலின் ஏட்டில் அந்த வீட்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். கதவைத் திறந்து பார்த்திருந்தால் மெத்தைகளை எண்ணியே உண்மையைத் தெரிந்துகொண்டிருக்கலாம். உரிமம் தருவதற்கு முன் வீட்டுக்குள் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று 2004 சட்டம் கவுன்சிலைக் கட்டாயப்படுத்தவில்லை. உரிமக் காலத்தில் ஒருமுறையாவது போயாக வேண்டும் என்ற கண்டிப்பும் பகுதிவாரி உரிமத்தில் இல்லை. விண்ணப்பமும் சான்றிதழ்களும் கணினியில் ஏறினால் உரிமம் அச்சாகி வந்துவிடும். ஆள் பற்றாக்குறையும் நிதி நெருக்கடியும் உள்ள கவுன்சில், அதோடு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்ள இது இடம் தருகிறது.

வீட்டின் நிலையைத் திருத்தும் கருவியாக உரிமத்தைப் பயன்படுத்துவதிலும் தடை இருக்கிறது. லங்காஷயரின் ஹைண்ட்பர்ன் கவுன்சில், மின்சாரப் பாதுகாப்புச் சான்றிதழும் கார்பன் மோனாக்சைடு கருவியும் வேண்டும் என்று உரிமத்தில் நிபந்தனை போட்டது. வீட்டுக்காரர் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார். வீட்டின் நிர்வாகம், பயன்பாடு, குடியிருப்பு பற்றித்தான் பகுதிவாரி உரிமத்தில் நிபந்தனை போட முடியும். புதிய வசதிகளைச் செய்து தரச் சொல்ல அந்தப் பிரிவு அதிகாரம் தரவில்லை என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னாளில் தனி ஒழுங்குமுறைகள் அந்த இரண்டையும் கட்டாயமாக்கின என்பது உண்மை. ஆனாலும் 'மோசமான வீடுகள்' என்ற காரணத்துக்காகத் திட்டம் கொண்டுவரலாம், வீட்டைத் திருத்தச் சொல்லி உரிமத்திலேயே நிபந்தனை போடக் கூடாது என்ற முரண்பாடு சட்டத்தில் அப்படியே இருக்கிறது. நாடாளுமன்றம்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

வீட்டுக்காரர்களின் வாதம்

வீட்டுக்காரர்கள் சொல்வதைப் பேராசை என்று தள்ளிவிடக் கூடாது. ஓய்வூதியத்துக்குத் துணையாக ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு, குழாய் ஒழுகினால் மறுநாளே ஆளை அனுப்பும் நல்லவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். 'ஒழுங்காக நடப்பவன் கட்டணம் கட்டுகிறேன். ஏமாற்றுக்காரன் விண்ணப்பமே போடுவதில்லை' என்பது அவர்கள் குறை. ஆய்வே நடக்காத ஊரில் இந்தக் குறை நூற்றுக்கு நூறு நியாயம். அங்கே உரிமம் என்பது நேர்மைக்குப் போட்ட வரி. இதற்குத் தீர்வு உரிமத்தை ஒழிப்பதல்ல. விண்ணப்பம் போடாதவரைத் தேடிப் பிடிப்பதும், கட்டணம் கட்டியவரின் பணத்துக்கு வேலை நடப்பதும்தான்.

கட்டணத்தை வாடகையில் ஏற்றிவிடுவார்கள் என்பது அடுத்த வாதம். ஐந்தாண்டு உரிமத்துக்கு 750 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 12 பவுண்டு 50 பென்ஸ். லண்டனில் ஓர் அறைக்கே பல நூறு பவுண்டு மாத வாடகை வாங்கப்படும்போது, இந்தத் தொகை வாடகையை எந்தத் திசையிலும் பெரிதாக அசைக்காது. வாடகை ஏறுவது வீடு போதாததால். கவுன்சிலுக்கு இது வருமான வழி என்ற குற்றச்சாட்டும் நிற்காது. உரிமக் கட்டணம் திட்டத்தை நடத்தும் செலவுக்குத்தான். அதில் லாபம் பார்க்கச் சட்டம் இடம் தரவில்லை.

பலன் உண்டா என்பதற்கும் சான்று இருக்கிறது. அரசே ஏற்பாடு செய்து 2019இல் வெளியிட்ட தனி ஆய்வு, திட்டமிட்டுப் போதிய ஆட்களோடு நடத்தினால் இந்த உரிமம் பயன் தருகிறது என்றது. லண்டனில் உரிமத் திட்டம் உள்ள பகுதிகளையும் இல்லாத பகுதிகளையும் ஒப்பிட்டு 2022இல் 'பிஎம்ஜே ஓபன்' இதழில் வந்த ஆய்வு, திட்டம் வந்த பகுதிகளில் மனநலப் பிரச்சினைகளும் சமூக விரோதச் செயல்களும் குறைந்ததாகக் கண்டது.

இவ்வளவு இருந்தும், மத்திய அரசு பல ஆண்டுகள் இதற்குக் கடிவாளம் போட்டுவைத்திருந்தது. கவுன்சில் எல்லையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திட்டம் பரவினால் அமைச்சரின் அனுமதி வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. 2015 முதல் நகரம் முழுவதும் உரிமம் நடத்திய லிவர்பூல், அதைப் புதுப்பிக்கக் கேட்ட அனுமதி 2020இல் மறுக்கப்பட்டது. இரண்டாண்டு இடைவெளிக்குப் பிறகு, 2022இல்தான் நகரின் ஒரு பகுதிக்கு மீண்டும் திட்டம் வந்தது. 2024 டிசம்பரில் இந்த அனுமதி விதி நீக்கப்பட்டது சரியான முடிவு. எந்தத் தெருவில் எந்த வீடு பாழாய்க் கிடக்கிறது என்பது வெஸ்ட்மின்ஸ்டரில் இருப்பவருக்குத் தெரியாது; கவுன்சிலுக்குத்தான் தெரியும்.

தண்டனையும் பயமும்

உரிமமில்லாமல் வாடகைக்கு விடுவது குற்றம். 2017 முதல், நீதிமன்றத்துக்குப் போகாமல் கவுன்சிலே 30,000 பவுண்டு வரை அபராதம் விதிக்க முடிந்தது. குடியிருப்பவரே தீர்ப்பாயத்துக்குப் போய், கட்டிய வாடகையில் பன்னிரண்டு மாதத் தொகை வரை திரும்பக் கேட்கவும் வழி வந்தது. ஆனால் உள்வாடகைக்காரரிடம் அறை எடுத்தவர், அவருக்கு மேலே உள்ள உண்மையான உரிமையாளரிடம் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இடையில் நின்றவர் காணாமல் போனால் பணமும் போனது. 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்கிறது. திரும்பக் கேட்கும் காலத்தை இரண்டாண்டாக உயர்த்துகிறது. காரணமில்லாமல் வெளியேற்றும் 21ஆம் பிரிவையும் அது ஒழிக்கிறது. அதற்கு அரசு குறித்த நாள் 2026 மே 1.

அந்தச் சட்டம் வாடகை வீடுகளுக்கெல்லாம் ஒரு தேசியப் பதிவேட்டையும் கொண்டுவருகிறது. 'இனி உள்ளூர் உரிமம் எதற்கு?' என்று வீட்டுக்காரர் சங்கங்கள் கேட்கின்றன. ஸ்காட்லாந்தில் 2006 முதல் வீட்டுக்காரர் பதிவு இருக்கிறது. வேல்ஸில் 2015இல் தொடங்கி நாடு முழுவதற்கும் ஒரே பதிவும் உரிமமும் நடக்கின்றன. பதிவேடு அவசியம்தான். ஆனால் பதிவேட்டில் வீட்டுக்காரர் எழுதியது இருக்கும். வீட்டுக்குள் இருப்பது இருக்காது. ஷாட்வெல் வீடும் ஏட்டில் இருந்த வீடுதான். பெயரைத் திரட்டும் வேலையைத் தேசியப் பதிவேடு பார்த்துக்கொண்டால், கவுன்சில் ஊழியர்கள் மேசையை விட்டு எழுந்து வீடுகளுக்குப் போகலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

இன்னொரு பயத்தையும் போக்கியாக வேண்டும். நியூஹாமின் தொடக்ககால ஆய்வுகள் பலவற்றில் காவலர்களும் குடிவரவு அதிகாரிகளும் உடன் போனார்கள். விசா சிக்கலில் இருப்பவர் மட்டுமல்ல, எல்லா ஆவணமும் சரியாக உள்ளவரும் சீருடையைப் பார்த்தால் கதவைத் திறக்கத் தயங்குவார். 'யாராவது வந்து கேட்டால் உறவினர் என்று சொல்' என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிப்பார். வீட்டைச் சோதிக்க வருபவரை மனிதர்களைப் பிடிக்க வருபவராக மாற்றினால், மிக மோசமான வீடுகளே மிக இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும். வீட்டு ஆய்வையும் குடிவரவுச் சோதனையையும் முற்றாகப் பிரிக்க வேண்டும். நெரிசலைக் கண்டுபிடித்து ஆட்களைத் தெருவில் நிறுத்துவதும் தீர்வாகாது. மாற்று இடம் தேடித் தரும் பொறுப்பைக் கவுன்சில் ஆய்வுக்கு முன்பே திட்டமிட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

உரிமக் காலத்தில் குறைந்தது ஒருமுறை வீட்டுக்குள் ஆய்வு நடக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும். முதல் ஆய்வில் குறையில்லாத வீட்டுக்காரருக்கு அடுத்த உரிமத்தில் கட்டணத்தைக் குறைக்கலாம். கட்டணத்தில் எத்தனை ஆய்வாளர்களை நியமித்தோம், எத்தனை வீடுகளுக்குள் போனோம், எத்தனை குறைகள் சரியாயின, குறை கண்ட வீட்டில் குடியிருந்தவர் அங்கேயே தொடர முடிந்ததா என்ற நான்கு கணக்கையும் கவுன்சில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கொடுத்த உரிமங்களின் எண்ணிக்கையை மட்டும் சாதனையாகக் காட்டும் கவுன்சிலை மக்கள் கேள்வி கேட்க வேண்டும்.

திட்டத்துக்கு முந்தைய அந்தப் பத்து வாரக் கருத்துக் கேட்பில், ஒழுங்காகப் பதில் அனுப்புவது பெரும்பாலும் வீட்டுக்காரர்களும் தரகு நிறுவனங்களும்தான். வாடகைக்கு இருப்பவரின் குரல் அங்கே மெலிந்து ஒலிக்கிறது. ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் மாணவர் அமைப்புகளும் இதைக் கையில் எடுக்கலாம். பெயர் சொல்லப் பயப்படுபவர்களின் அனுபவங்களைத் திரட்டி அமைப்பின் பெயரில் அனுப்பலாம். குடியிருக்கும் வீட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று கவுன்சிலின் பொதுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதைப் புதிதாக வரும் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். புகார் கொடுக்கும் துணிச்சல் உள்ளவருக்குச் சட்டம் ஏற்கெனவே ஓரளவு துணை நிற்கிறது. அந்தத் துணிச்சல் இல்லாதவர் குடியிருக்கும் வீட்டிலும் புகைக் கருவி ஒலிக்க வேண்டும், கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும். அதற்குத்தான் உரிமம்.